அக்கா சொல்லாத தெரு

இடியையும் புயலையும் ஒரே அறையில் அடைத்து, தலைவாரி, பவுடர் பூசித் தூங்கவைத்த மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் எங்கள் தெருவில் விசாரியுங்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைப் பற்றி எல்லாரும் நல்லவிதமாகவே பொய் சொல்வார்கள்.

இடி பெண், புயல் பையன். மூன்று வயது இரட்டையர், எதிர்வீடு. அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை, விடியும்முன் கிளம்பிவிடுவாள். இரண்டையும் இடுப்புக்கு ஒன்றாகச் சுமந்து வளர்த்தவள் மூத்தவள். சுமந்தபடியே படித்து, கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் கால் அவளுடையது.

குறுக்கே நின்றவர் அத்தை, அவள் அப்பாவோடு கூடப்பிறந்தவர். வீடும் அவருடையது, கடைசிப் பேச்சும் அவருடையது.

"இவ போயிட்டா இதுங்களை யார் பாக்கறது? எனக்கு முட்டி மடங்காது. அரைமணி அவளைக் காணோம்னா அக்கா அக்கான்னு ஊரைக் கூட்டுதுங்க."

"தெரு பாத்துக்கும்," என்றேன்.

"பஸ் அண்ணே, உங்க தெரு லட்சணம் எனக்குத் தெரியாதா? சேர்ற அன்னிக்கே பாத்துடுவோம். பொழுது சாயறதுக்குள்ள அக்கா எங்கேன்னு ஒரு தடவை கேட்டாலும் சரி, அவ வீட்டோட."

சேரும் நாள் காலையில் மூத்தவள் கிளம்பிப் போனதும் சட்டம் போட்டோம்: இரட்டையர் காதில் விழும்படி யாரும் 'அக்கா' என்று சொல்லக்கூடாது. காதில் விழுந்தால்தானே ஞாபகம் வரும்? சொல்வது சுலபம். எங்கள் தெருவில் மூச்சுவிடுவதைவிட அக்கா சொல்வது அதிகம். பஞ்சர்கடைக்காரர் சொந்த மாமியாரையே அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் சலூன். சுழல்நாற்காலியில் இரண்டையும் உட்காரவைத்துச் சுற்றினார் முடிவெட்டுபவர். அவருக்குத்தான் தலைசுற்றி, வந்த ஆளுக்கு மீசையில் பாதி போனது. அடுத்து பஞ்சர்கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும் வேலை. ஒரு சமுத்திரம் தெருவில் ஓடியது. மடங்காத முட்டியோடு அத்தை ஒவ்வொரு கடையிலும் எங்களுக்கு முன்னால் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஈரத்தைத் துவட்டத் தையல்காரம்மாவிடம் போனோம். பின்னாலேயே வந்த பஞ்சர்கடைக்காரர் வாயைத் திறந்தார். "அக்..."

தெருவே உறைந்தது.

"அக்... அக்கறையா தைக்கறீங்க, மேடம்."

மேடம் ஆகிவிட்ட அதிர்ச்சியில் தையல்காரம்மா ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார்.

மதியம் என் முறை. என் வீட்டுக் கூடத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விட்டேன். என் ஓட்டத்தில் பயணிகள் தூங்காமல் இருந்ததில்லை. இடியும் புயலும் மட்டும் விதிவிலக்கா? இரண்டும் சாய்ந்தன. எழுந்ததும் சமர்த்தாய் மறுபடி பஸ் ஏறின. இப்போது தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து ஓட்டியது புயல்.

வெயில் இறங்கியது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. சன்னல் வழியாக எட்டிப்பார்த்தார்.

"ஏண்டா, அக்கா எங்கேன்னு கேக்கவே மாட்டீங்களா?"

போச்சு. நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

புயல் திரும்பாமலே சொன்னான். "அக்கா காலேஜ் போயிருக்கா."

"காலைல எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனா," என்றாள் இடி. "உனக்குச் சொல்லலையா, அத்தே?"

நாள் முழுக்க ஒரு தெருவே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது, இந்த இரண்டுக்கும் காலையிலேயே தெரிந்த சங்கதிக்காக. வாசலில் நின்ற தையல்காரம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மூத்தவள் தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். தம்பி தங்கையைக்கூடப் பார்க்காமல் அத்தை முகத்தையே பார்த்தாள்.

"சேந்துட்டேன் அத்தே. கேட்டாங்களா?"

அத்தை எங்களை ஒருமுறை முறைத்தார். பிறகு அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே போட்டார்.

"மொதல்ல இதைப் போடு. நாளைக்கும் ஓடணும்ல. ஒரு தடவைகூடக் கேக்கலடி. நான்தான் கேட்டேன்."