இரும்பு ஏறாத ஆள்

கடலாய்வு நிலையத்தின் பின்பக்கம், பித்தளை ஆணி மட்டுமே அடித்த மரக்குடில் ஒன்று உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் காந்தப்புல உணரியை, தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அங்கே ஒருவர் கையில் பிடித்து எல்லாத் திசைக்கும் மெல்லத் திருப்பிச் சரிபார்ப்பார். பக்கத்தில் ஒரு குண்டூசி இருந்தாலும் திரையில் கோடு துள்ளிவிடும். பொறியாளருக்குக் காலில் எஃகுத் தகடு. உதவியாளருக்குப் பல்லில் கம்பி. பன்னிரண்டு வருடமாகக் கிடங்கில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த மனிதர் போய் நின்றபோதுதான் கோடு அசையாமல் படுத்தது. அன்றிலிருந்து அவர் பெயர் மரக்கட்டை.

அதில் அவருக்கு வருத்தமா என்ன? இயக்குநரே எழுந்து நின்று "வாங்க" என்கிறார். அடுத்த மாதம் கிளம்பும் ஆய்வுக் கப்பலில் அவருக்கு ஓர் இடம். தெருவில் அவர் அதைச் சொல்லாத வீடில்லை; பால்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தலை சுற்றியது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

"இரும்பா! என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறியா?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"மூணு படி ஏறினா மூச்சு வாங்குது. நடுக்கடல்ல நீங்க சாஞ்சா நான் யாரைப் போய்க் கேக்குறது? வாயைத் திறங்க."

தினமும் விழுங்கினாரா என்று தாடையைப் பிடித்துப் பார்த்தாள். மூன்றே வாரத்தில் கன்னத்தில் ரத்தம் ஏறியது. அதுதான் வினை. கப்பல் இடத்தின்மேல் கண்ணாயிருந்த கிடங்கு மேலாளர், "என்னய்யா மரக்கட்டை, தளிர் விடுது?" என்று தோளில் தட்டி, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை உருவினார். நேராக இயக்குநரிடம் ஓட்டம்.

ஐந்து பேர் குழு கூடியது. எல்லார் முன்னிலும் மரக்கட்டை மாத்திரையை விழுங்கி உணரியைப் பிடிக்க வேண்டும். கப்பல் போச்சு என்றே நினைத்தார்.

கோடு அசையவில்லை.

"இறங்க நேரம் குடுங்க" என்றார் மேலாளர். சாப்பாட்டு நேரம் வரை காத்தார்கள். கோடு குறட்டைதான் விடவில்லை.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சார், மாத்திரையிலயும் ரத்தத்துலயும் இருக்கிற இரும்பு காந்தத்தை அசைக்காது, ஏன்னா..."

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்றார் இயக்குநர். பிறகு யோசித்து முடிவு சொன்னார்: "மாத்திரையில இரும்பே இல்லை. போலி!"

மேலாளரின் முகம் தொங்கியது. இதே மாத்திரையால்தான் தலைசுற்றல் நின்றது என்பது மரக்கட்டையின் வாய்வரை வந்தது. அதையும் மாத்திரையோடு விழுங்கிக்கொண்டார். முத்திரை குத்திய உத்தரவு கைக்கு வந்தது: பயணம் முடியும்வரை இவர் இந்தப் போலி மாத்திரையை மட்டுமே உட்கொள்ள வேண்டும், அசல் மாத்திரை கண்டிப்பாகக் கூடாது.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மருந்துக்கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கிவந்து, பெட்டியில் துணிக்கு அடியில் அடுக்கினாள்.

"மூணு மாசத்துக்குப் போலி வெச்சிருக்கேன். ஒரு நாள்கூட விடக் கூடாது, சொல்லிட்டேன்."