எதிர் நாற்காலி

எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அண்ணனின் கால் அசையாமல் நான் எப்படிப் போவது என்பதுதான் வீட்டில் பேச்சு. என் கால் நன்றாகத்தான் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப்போன அண்ணன், படிக்கட்டு இருக்கும்போதே, அதன் உதவியில்லாமல் கீழே வந்து சேர்ந்தான். தண்டுவடத்தில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. இப்போது முதுகெலும்புக்குள் மெல்லிய கம்பி, அதற்கு மின்சாரம் கொடுக்க இடுப்புத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, கையில் அதற்கொரு ரிமோட்.

"கரண்ட் காலத் தூக்காது," என்றார் பிசியோதெரபி மேடம். "கதவத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். உள்ள வர வேண்டியது நினைப்பு."

அவர் முறைப்படி, பயிற்சிக்கூடத்தில் வீட்டு ஆள் ஒருவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க வேண்டும். அண்ணன் அதைப் பார்த்துத் தன் கால் என்றே நினைக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. ஆகவே, பட்டம் வாங்கியபின் எனக்குக் கிடைத்த முதல் பதவி, கால் ஆட்டுபவன்.

பல வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் அண்ணனின் வலது முழங்கால் மெல்ல நீண்டது. அம்மா அழுதாள். "பாத்தியாடா?" என்றான் அண்ணன். "காலு யாருது?"

மறுநாள் எனக்கு அலுப்பு. காலை ஆட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூலையில் பயிற்சிக்கான பெரிய நீலப் பந்து கிடந்தது. ஓங்கி ஓர் உதை விட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். என் கால் மடங்கியபடியே இருந்தது. அண்ணனின் கால் பாய்ந்து மேடத்தின் ஸ்டூலை உதைத்தது.

மேடம் கைதட்டினார். அண்ணன் தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

இடது கால் என்று நினைத்தேன், இடது கால் எழுந்தது. கட்டைவிரல் என்றேன் மனசுக்குள், கட்டைவிரல் தலையாட்டியது. வேலையை நினைத்தேன், கால் பொத்தென்று விழுந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனேன். திரும்பி வரும்வரை அது அசையவில்லையாம்.

"தம்பி பக்கத்துல இருந்தா ஒரு உற்சாகம்," என்றார் மேடம்.

வீட்டில் கேட்டேன். "அண்ணே, அது நீ தூக்குறதா?"

"தெரிஞ்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"திங்கக்கிழமை நான் போகணும்ல."

"போயேன். ஒன்ன யாரு புடிச்சி வச்சா?" என்று ரிமோட்டைத் துடைத்தான். அந்த அக்கறையோடு அவன் பல் துலக்கியதைக்கூட நான் பார்த்ததில்லை.

கிளம்பும் நாள் பையோடு பயிற்சிக்கூடத்துக்கே போனேன், சொல்லிக்கொண்டு போக. அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"வரேண்ணே."

"சரிடா." ரிமோட்டில் மின்சாரத்தைக் கூட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசற்படியில் என் வலது கால் நின்றுவிட்டது. மரத்துப்போகவில்லை. செருப்பு வார் உறுத்துவதுகூடத் தெரிந்தது. தூக்கு என்று நினைத்தேன். காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குக் கடிதம் போட்ட மாதிரி இருந்தது. திறந்து வைத்த கதவு வழியே உள்ளிருந்து வெளியேயும் போகலாம் என்பதை மேடம் சொல்லியிருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் உதடு லேசாக அசைந்தது. மேடம் சொல்லிக்கொடுத்தபடியே, தன் கால் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

என் முழங்கால் மடங்கியது. பாதம் திரும்பியது. பிறகு இடது கால். பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து, கொஞ்சம் அலட்டலாக, விழுவதற்கு முன்பு அண்ணன் நடந்த அதே நடை. என் நடையைவிட நன்றாகவே இருந்தது. நாற்காலிவரை போய் என்னை உட்காரவைத்தது.

"பாத்தீங்களா, தம்பிக்கு மனசு வரல," என்றார் மேடம், கண்ணைத் துடைத்தபடி.

அண்ணன் கண்ணைத் திறந்தான். "ஆரம்பிக்கலாமாடா?"

என் கால் நீண்டது. பையை நான் இன்னும் விடவில்லை. கை இடுப்புக்கு மேலே இருப்பதால், அது என் நிர்வாகத்தில்தான் இருந்தது.