ஞாயிற்றுக்கிழமை வந்த குப்பை வண்டி

நாடகத்தை நடத்தும் காவ் முகத்தில் பழுப்பு மாவை அப்பிக்கொண்டிருந்தார். ஆறடி ஆள், பூப்போட்ட சட்டையில் 'வெளிநாட்டு மருமகளாக' இடுப்பை நெளித்துக் காட்ட, நாடகக் குழுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமியார் வேஷம் கட்டியிருந்த யுவேஷியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தாள். கோயில் முற்றத்தில், முதல் வரிசைச் சிவப்பு ஸ்டூலில், அவளுடைய நிஜ மருமகள் லியேன் வந்து உட்கார்ந்திருந்தாள்.

குப்பை பிரிப்பதைப் பற்றி ஒரு சிரிப்பு நாடகம் போடச்சொல்லி வட்டத் தலைவர் கேட்டிருந்தார். துண்டு நெய்யும் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் வாய் சும்மா இராமல், கூட வேலை செய்யும் காவிடம் அந்தக் கதையைச் சொன்னவள் யுவேஷியாதான். லியேன் வியட்நாமிலிருந்து வந்த முதல் வாரம். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் ஓடிப்போய், உரத்துக்குப் போகும் வாளியில் போட வேண்டிய அன்னாசித் தோலைப் பன்றிகளுக்குப் போகும் சோற்று வாளியில் கொட்டிவிட்டாள். வண்டிக்காரன் கத்தினான். பைகளோடு நின்ற தெருவே சிரித்தது. பாஷை புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை மட்டும் யுவேஷியா யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் யுவேஷியா இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தபோது, முகம் சுளிக்காமல் குளிப்பாட்டி விட்டவள் லியேன். அவளை இழந்தால் வீட்டில் தனக்கு யார் இருக்கிறார்கள்? மகனா? அவன் கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்த்தினால்தானே!

திரை விலகியது.

"இது பன்னி சாப்புடு? நான் தெரியாது!" என்று குழறியபடி காவ் அன்னாசித் தோலை ஆட்டினார். கூட்டம் குலுங்கியது. லியேன் அவரைவிட நல்ல வெளுப்பு. ஆனால் அந்தத் தோலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே குனிந்தது.

'இந்தக் காட்டுச் சிறுக்கிக்கு எப்பத்தான் புத்தி வருமோ' என்று யுவேஷியா சொல்ல வேண்டும். அவள் கண் லியேனை விட்டு நகரவில்லை. "சொல்லும்மா, சொல்லு" என்று காவ் பல்லைக் கடித்தார். வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினார். அடுத்த காட்சிக்கு வைத்திருந்த குப்பை வண்டிப் பாட்டு முற்றமெங்கும் அலறியது.

அவ்வளவுதான். ஸ்டூல்கள் உருண்டன. "ஐயையோ, வண்டி வந்திருச்சு!" என்று மொத்த வட்டமும் குப்பையை எடுத்துவர வீட்டைப் பார்த்து ஓடியது. வட்டத் தலைவரும் ஓடினார். வீட்டுக் குப்பையில் கிடக்கும் மீன் தலை ஊசிப்போகுமே என்று யுவேஷியாவும் வேஷத்தோடு மேடையிலிருந்து இறங்கி ஓட, ஒரு கை அவள் சட்டையைப் பிடித்தது. முற்றத்தில் லியேன் ஒருத்திதான் எழுந்திருக்கவே இல்லை.

"எங்கம்மா ஓடுறீங்க?"

"வண்டிடி!"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி ஏது?"

யுவேஷியா அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அழுததையும் அவங்ககிட்ட சொன்னீங்களா?" லியேன் மேடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இல்லடி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? அன்னைக்கு நான் கதவுக்கு வெளியிலயேதான் நின்னேன். தட்டல."



பைகளும் வாளிகளுமாகக் கூட்டம் அசடு வழியத் திரும்பி வந்தது. யுவேஷியா மேடை ஏறினாள்.

"காவ் அண்ணே, முதல்ல போய் மூஞ்சியக் கழுவுங்க. இந்த நாடகத்துல ஒண்ணும் தெரியாத மக்கு நான்தான்."

அவர் கையிலிருந்த தோலைப் பிடுங்கிக்கொண்டு, மேடையில் வைத்திருந்த இரண்டு குப்பை வாளிகளுக்கும் நடுவே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை குப்பை தூக்கிக்கிட்டு ஓடின புத்திசாலிங்களா! இதை எதுலய்யா போடறது?"

முற்றமே சிரித்தது. "இடது!" "வலது!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். யுவேஷியா யாரையும் பார்க்கவில்லை. முதல் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றாள். தோலிலிருந்து சாறு வழிந்து, முழங்கையைத் தொட்டு, சட்டைக்குள் இறங்கியது. லியேன் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து, மேடையைப் பார்த்து நடந்தாள்.