மா அரைக்க நிறுத்திய தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்க மலருக்கு, 'ஆறும் தண்ணீர் ஆலைகளும்'. குறிப்பெடுக்க, நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த நகரத்தின் ஆற்றங்கரையில், அஹுன்ட்சிக்கில், பழைய மா ஆலை இருந்த இடத்துக்குப் போயிருந்தேன். 2004, ஆவணி.

முதல் வரி: "ஆற்றின் அழகில் மயங்கிய முன்னோர்..." (சீ, வெட்டு. மா அரைக்க வந்தவனுக்கு என்ன மயக்கம்?)

மறுபடியும். இங்கே ஆறு சரிந்து இறங்குகிறது. கரையை ஒட்டி ஒரு தீவு கிடக்கிறது. இடையில் ஒடுங்கிய வாய்க்கால். அதை மறித்து அணை கட்டினால் போதும், முழு ஆற்றோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆலைக்காரன் அதற்காகத்தான் இங்கே வந்தான். ஆலை போய்விட்டது, அணை இன்னும் நிற்கிறது.

புஷ்பவதி எதற்காக வந்தார்?

2

கணவர் மகேந்திரராசாவின் அஸ்தி இருந்த மண்முட்டியோடு வந்தார். இடம் பிடித்தவர் கணவரின் தம்பி ஞானேந்திரன். கார் நிறுத்தலாம், கரை வழுக்காது, தண்ணீர் அமைதி. (இந்த ஆளை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை, அழுதுகொண்டிருந்தார்.)

புஷ்பவதி பாதிச் சாம்பலைக் கரைத்துப் பூவையும் போட்டார். பூ போகவில்லை. சற்று யோசித்துவிட்டுக் கரைக்கே திரும்பி வந்தது.*

"தம்பி, இது ஓடுற தண்ணியோ?"

"ஆறுதானே அண்ணி."

"திருகோணமலைக் கடலில கரைக்கச் சொன்ன மனுசன். அகதிக் கேஸ் முடியேல்ல, அங்க போகேலாது. எந்தக் கடலெண்டாலும் போய்ச் சேரட்டும் எண்டுதான் ஆத்துக்கு வந்தனான். இது குளமெல்லோ!"

* ஆலைக்காரனுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும். இவருக்கு ஓடவேண்டும். கட்டுரையில் இதற்கு இடமில்லை.

3

முடிவு அ: மிச்சத்தை வேறிடத்தில், ஓடுகிற நீரில் கரைக்கிறார்கள். (அப்போது மனிதர் பாதி இங்கே, பாதி கடலில். புஷ்பவதி ஒப்பமாட்டார்.)

முடிவு ஆ: மிச்சமும் இங்கேயே. முழு மனிதராக இருப்பார், ஆனால் கடலுக்கு...

முடிவு இ: திடீரென்று மழை கொட்டி அணை உடைந்து (வெட்கமாக இருக்கிறது.)

"ஐயா," புஷ்பவதி என்னைப் பார்த்தார். "ஆத்தைப் பாத்துப் பாத்து எழுதுறியள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தத் தண்ணி எப்பவெண்டாலும் கடலுக்குப் போகுமோ?"

பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருந்தேன். எல்லாம் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி.

வாசகரே, ஓம், போகும் என்பதா, தெரியாது என்பதா? கெதியாகச் சொல்லுங்கள். முட்டியை நிலத்தில் வைக்கக்கூடாது என்கிறார் ஞானேந்திரன். புஷ்பவதி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.