முந்நூறு பேரும் ஒரு கிடாவும்

கடத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சுகுணாவுக்குப் போனில் படம் எடுப்பதென்றால் உயிர். அப்படிப் படப்பைத்தியம் பிடித்த நாற்பது பேருக்காக ஓவிய ஆசிரியர் நவநீதன் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். ஒருவர் மழைத்தண்ணீரில் மிதக்கும் வேப்பம்பூவைப் போடுவார். நாலு பேர் ‘ஆகா’ என்பார்கள். அவ்வளவுதான்.

ஒருநாள் நவநீதன் அறிவித்தார்: இனி ஞாயிறுதோறும் போட்டி. அதிக இதயக்குறி வாங்கும் படத்துக்கு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு.

சுகுணா உடனே போன் போட்டாள். “சார், படம் பாக்கறதே சந்தோசந்தானுங்களே. இதுல யாரு பெருசுன்னு எதுக்குங்க பாக்கணும்?”

“போட்டி இருந்தாத்தாம்மா திறமை வளரும்” என்றார் அவர்.

முதல் வாரம், தக்காளிக் குவியல்மேல் தூங்கும் பூனையைச் சுகுணா போட்டாள். ஒன்பது இதயம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பானுமதி தன் வீட்டுக் குக்கரைப் போட்டாள். அறுபத்தொன்று!

“நாப்பது பேரு இருக்கற குழுவுல அறுவத்தொண்ணு எப்பிடிக்கா?”

“பாலிசி போட்டவங்களையெல்லாம் சேத்துட்டேன் சுகுணா. அவங்களுக்கும் ரசனை இருக்காதா?”

போட்டியே வேண்டாமென்றவளுக்கு இப்போது வயிறு எரிந்தது. மாமியாரின் மகளிர் குழு, பொம்மிடி நாத்தனார், சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் அவளும் சேர்த்தாள். மூன்றாம் வாரம் குழுவில் முந்நூறு பேர். படத்தைப் பார்க்காமலே இதயம் பொழிந்தது.

அந்த ஞாயிறு முடிவு வந்தது. சுகுணா நூற்றுப்பத்து, பானுமதி நூற்றுப்பன்னிரண்டு. காரிமங்கலம் ஆட்டு வியாபாரி மாது நூற்றுநாற்பது! ஆள் பிடிக்கும் வேகத்தில் யாரோ அவரையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். ‘கிடா விற்பனைக்கு’ என்று அவர் ஒரு படம் போட்டிருந்தார்.

நவநீதன் வாழ்த்துச் சொன்னதும் மாதுவின் குரல் பதிவு வந்தது: “பரிசெல்லாம் வேணாமுங்க சார். கெடா வித்துப்போச்சு.”

சுகுணா ஆத்திரத்தோடு அந்தப் படத்தைத் திறந்தாள். சாயங்கால வெயில் கிடாவின் காதுக்குள் புகுந்து நரம்பெல்லாம் செக்கச்செவேலென்று தெரிந்தது. அது நிமிர்ந்து நின்ற நிற்பில் ஒரு ராஜகம்பீரம். கோபம் போன இடம் தெரியவில்லை. நூற்றுநாற்பத்தோராவது இதயத்தை அவளே போட்டாள்.

மறுநாள் நவநீதன் போட்டியைக் கைகழுவிவிட்டு, பழைய நாற்பது பேருக்குப் புதுக் குழு தொடங்கினார். சுகுணா முதல் வேலையாக மாதுவைக் கூப்பிட்டு, சேருகிறீர்களா என்று கேட்டாள்.

“அதுல ஆடு வாங்குவாங்களாம்மா?”

“வாங்க மாட்டாங்கண்ணா. படம் மட்டுந்தான் பாப்பாங்க.”

“செரி, சேத்துக்கம்மா. வூட்டுல எருமை ஒண்ணு இருக்குது. விக்கறதுக்கில்ல. சும்மா, அது அழகா இருக்கும்.”