சிலுவையில் படர்ந்த கல்பாசி

இறந்தவர்களின் நாளன்று மாமியார் ரொசாவுராவை அழைத்துக்கொண்டு மேட்டுநில இடுகாட்டுக்குப் போனேன். அவள் கையில் இறந்தவர்களோடு பகிர்ந்து குடிக்கும் ஊதாக் கஞ்சிப் பாத்திரம், என் பையில் மூன்று கோப்பைகள். தூறல் விடவே இல்லை.

குழிக்குள் யாரும் இல்லை. மீன்பிடிக்கப் போன என் கணவன் எடில்பெர்த்தோவும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. பெயர் செதுக்கிய மரச்சிலுவை ஒன்றை நட்டோம். அதில் கல்பாசி படரும், ஓரம் சுருண்ட சாம்பல் இலைகளாக. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நான் அதைக் கத்தியால் சுரண்டுவேன். பார்வை மங்கிய அத்தை எழுத்துகளை விரலால் தடவி, "இருக்கான்" என்பாள். அவள் அப்படிச் சொல்லும்வரை நான் அவன் மனைவி. வேறு ஆண் என் வாசலில் நிற்கக்கூடாது.

தீவின் ஆமைகளைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காக் காவலன் செகுந்தோ வேலியோரமாக வந்தான்.

"அக்கா, கத்திய வெளிய எடுக்காத. இந்தப் பாசி நம்ம தீவுல மட்டும்தான் இருக்காம். தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"என் புள்ளையும் இந்தத் தீவுல மட்டும்தான்டா இருந்தான்," என்றாள் அத்தை. "அவனத் தேட எவன் வந்தான்? பாசிக்குக் காவலாம்! போடா, போய் ஆமைக்கு முதுகு சொறி. நீ சுரண்டுடி."

அவன் என் பக்கம் குனிந்தான். "பாசிக்கு அடியில எழுத்து பத்திரமா இருக்கும்க்கா. உன் கத்திதான் மரத்தத் தின்னுது. எவ்வளவு தேஞ்சிருக்கு பாரு."

எனக்குத் தெரியும். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி வந்தேன். கோபம் ஒன்றும் இல்லை. கை அழுத்தியது, நான் தடுக்கவில்லை. பாசியை விட்டுவிட்டால் பெயர் அதன் அடியில் அப்படியே கிடக்கும், நான் சாகும்வரை.

சுரண்டினேன். பாசி நனைந்த தோல்போல உரிந்து வந்தது. அது தீர்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மரத்தூள் காலில் விழுந்தது. செகுந்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

அத்தை விரலை வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. மறுபடியும்.

"எங்கடி?"

"இல்ல, அத்தை."

கையை வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு, "கஞ்சி ஆறிடும், ஊத்து" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் ஊற்றினேன். அவன் கோப்பையைப் பையிலேயே விட்டேன். அவள் கேட்கவில்லை.