பதினோராவது விடயம்

தலைவர் இராஜநாயகம் எல்லாருக்கும் "அவர்களே" சொல்லி முடிப்பதற்குள் மெற்றில்டா இரண்டு பொத்தான் ஓட்டைகளைத் தைத்துவிட்டாள். செயலாளர் அவர்களே, உபசெயலாளர் அவர்களே, முன்னாள் உபசெயலாளர் அவர்களே என்று அது போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் இருந்ததே தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். அன்று காலை முகத்துவாரத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு. அந்தப் பக்கத்து அங்கத்தவர்கள் ஒருவரும் வரவில்லை. வராதவர்களையும் விடாமல் விளித்து, கடைசியில் "மாதர் பிரதிநிதி அவர்களே" என்று அவளிடம் வந்தபோது அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நூலோடேயே தலையை ஆட்டி வைத்தாள்.

வட்டார ஆலோசனைச் சபை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கூடும். கூடும் என்றுதான் கடிதத்தில் இருக்கும். நாலுமணிக்கு மின்விசிறியைப் போடுவார்கள். மெற்றில்டா பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிறவள். ஒரு வருசமாகச் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு இந்தச் சபையில் இருந்து பழகியதில், பேச்சுகளை அளக்க அவளுக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. வரவேற்புரை ஏழு ஓட்டை. போன கூட்டத்து அறிக்கை ஐந்து. அனுதாபத் தீர்மானம் மட்டும் பன்னிரண்டுக்குக் குறையாது. செத்தவர் யாராயிருந்தாலும் ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்பது சபையின் வழக்கம். ஒருவர் சொல்லாமல் விட்டால் செத்தவீட்டுக்காரர் முகம் பார்க்கமாட்டார்கள். அன்றைக்குத் தீர்மானத்தில் இருந்தவர், மண்டபத்தின் பழைய காவல்காரருடைய மைத்துனர். ஒருவரும் கண்டதில்லை. ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் தில்லைநாதன் எழுந்து, "அன்னாரை நான் சந்தித்ததில்லை. அதுவே அன்னாரின் மறைவால் எனக்கு ஏற்பட்ட முதல் இழப்பு" என்றார். நல்ல பேச்சு என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இப்படியே போனால் பத்தாவது விடயத்துக்கு வரும்போது ஆறுமணியாகிவிடும். ஆறுமணிக்குப் பிறகு சந்தியிலுள்ள செக்பொயின்ற்றில் வரிசை நீண்டுவிடும். அடையாள அட்டை இருக்கிறதா என்று எல்லாரும் சட்டைப்பையைத் தடவத் தொடங்குவார்கள். மிச்சம் அடுத்த கூட்டத்துக்கு.

மிச்சம் என்பது எப்போதும் பதினோராவது விடயம்தான். மெற்றில்டா இருக்கும் தோட்டத்தில், அந்த நெருக்கமான வரிசைக் குடியிருப்பில், இருபத்திரண்டு வீட்டுப் பெண்களுக்கு ஒரு கக்கூஸ். அதன் கதவு யூன் மாதம் உளுத்து விழுந்தது. அன்றிலிருந்து பெண்கள் சோடி சோடியாகத்தான் போகிறார்கள். ஒருத்தி உள்ளே, மற்றவள் வாசலில் குடையை விரித்துப் பிடித்தபடி. மழையில்லாத நாளிலும் குடை. மெற்றில்டாவின் மூத்தவள் மரியகொறற்றிக்குப் பதினாலு வயசு. காலையில் எழுந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. போன கிழமை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது டொக்ரர் தாயைத்தான் ஏசினார். நவம்பரும் வந்துவிட்டது. அறிக்கைப் புத்தகத்தில் இந்த விடயத்துக்கு "சுகாதார வசதி சம்பந்தமான மரவேலை" என்று பெயர். சில சொற்களைச் சபையில் உச்சரிக்கக் கூடாது என்பது தலைவரின் கொள்கை.

அன்று ஆறாவது விடயம் பெரியது. இராஜநாயகத்தை வாழ்நாள் தலைவராக்கும் பிரேரணை. திங்கட்கிழமை கடிதம் மேல் கந்தோருக்குப் போயாகவேண்டும். தலைவர் அதற்கென்றே கோட் போட்டு வந்திருந்தார். அவருக்குச் சோடா ஊற்றுவதற்காகச் செயலாளர் கிளெமென்ற் எழுந்தபோது, மின்விசிறிக் காற்றில் மேசைவிரிப்பின் ஒரு மூலை தூக்கியது. முன்வரிசையில் இருந்த மெற்றில்டாவுக்குப் பச்சை பெயின்ற் தெரிந்தது. பிறகு ஒரு பிணைச்சல், இரும்புக் கீல். மேசைக்கு எதற்குப் பிணைச்சல் என்று குனிந்து விரிப்பை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். இரண்டு மரக்குதிரைகளின் மேல் ஒரு கதவு படுத்துக்கிடந்தது. விளிம்பில் வெள்ளைச் சோக்கால் அவளுடைய தோட்டத்தின் இலக்கமும், பக்கத்தில் "பெண்கள்" என்றும் எழுதியிருந்தது.

"கிளெமென்ற் சேர், இது என்ன?"

அவர் குனிந்து காதுக்குள் சொன்னார். "ஓகஸ்ற்ல வந்தது. தீர்மானம் நிறைவேறாமக் குடுக்க ஏலாதே. பழைய மேசையும் உடைஞ்சு போச்சு. சும்மா கிடக்குதுதானே எண்டு..."

மெற்றில்டா ஊசியைச் சட்டைக் கொலரில் குத்தினாள். சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தாள்.

"நான் வாறன் சேர்."

தலைவர் சிரித்தபடி கையசைக்கப் போனார். அதற்குள் தில்லைநாதன் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஒழுங்குப் பிரச்சினை! இவ போனா எட்டுப் பேர். ஒன்பது பேர் இல்லையெண்டால் கோரம் இல்லை. கோரம் இல்லாமல் நிறைவேத்தினது ஒண்டும் செல்லாது. ஏழாம் விதி. நான்தான் போராடிப் போடுவிச்சனான்." அந்த விதிக்கு வேலை வந்த முதல் நாள் அது. அவருடைய முகம் பெருநாள் முகமாக இருந்தது.

"மிஸிஸ் மெற்றில்டா, இருங்க. ஆறாவது முடியட்டும்" என்றார் தலைவர்.

"பதினொண்டு முதல் சேர்."

"சபைக்கெண்டு ஒரு ஒழுங்கு இருக்கு."

"என்ட மகள் விடிஞ்சா பொழுதுபடும்வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல சேர். யூன் மாசத்துல இருந்து."

யாரும் பிரேரிக்காமல், யாரும் வழிமொழியாமல் அந்தச் சபை ஆறிலிருந்து பதினொன்றுக்குத் தாவியது அன்றைக்குத்தான்.

தலைவர் தாள்களைப் புரட்டினார். "பதினோராவது. சுகாதார வசதி சம்பந்தமான..."

"என்னெண்டு சொல்லுங்க சேர்."

"எல்லாருக்கும் தெரியுந்தானே."

"புத்தகத்துக்குத் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "கக்கூஸ்" என்றார். "கக்கூஸ் கதவு." கிளெமென்ற் எழுதினார். கூரை இடிந்து விழவில்லை, அப்படியே இருந்தது. தில்லைநாதன் வழிமொழிந்தார். ஒன்பது கைகள் உயர்ந்தன. ஐந்து மாதம் இழுபட்ட விடயத்துக்கு அரை ஓட்டை தைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"சரி, கூட்டம் முடிய எடுத்துக்கொண்டு போங்க" என்றார் தலைவர்.

"நிறைவேறின தீர்மானம், தலைவர் அவர்களே" என்றார் தில்லைநாதன். "உடனடியா அமுலுக்கு வரும். அது நாலாம் விதி."

மேசைமேல் இருந்த மணி இறங்கியது. சோடாப்போத்தல்கள் இறங்கின. அறிக்கைப் புத்தகத்தைக் கிளெமென்ற் தொடையில் வைத்துக்கொண்டார். பூச்சாடியை வைக்க இடமில்லை. அது தலைவரின் மடிக்குப் போனது. கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு மெற்றில்டா தன் கதிரையில் வந்து இருந்தாள். ஆறாவது விடயத்துக்கு அவளும் கையைத் தூக்கினாள். நன்றாக, முழங்கை நிமிரத் தூக்கினாள். வாழ்நாள் முழுக்க இருக்கட்டும், மனுசன். பிளாஸ்ரிக் றோசாக்களுக்கு மேலாகத் தலைமட்டும் தெரிய, இராஜநாயகம் ஏற்புரையைத் தொடங்கினார். அவரைக் கோட்டோடு முழுசாகப் பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே அடுத்தவீட்டு டோரின் காத்திருந்தாள். கதவைக் கண்டதும் வாயில் கையை வைத்தாள்.

"அடியே, கதவுக்கு ஒரு கடிதம் தருவாங்கள் எண்டுதானே போனாய்?"

"பிடி. கதையைப் பிறகு சொல்லுறன்."

முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, தலைமேல் கதவு. தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செக்பொயின்ற்றில் வரிசை ஏற்கெனவே நீண்டிருந்தது. இளம் ஆமிக்காரன் ஒருவன் கையைக் காட்டி மறித்து, இது என்ன என்று கேட்டான்.

"மேக்க மொகத?"

"தொரக், மஹத்தயா" என்றாள் மெற்றில்டா. கதவு.

எந்த வீட்டுக் கதவு என்று அவன் சிங்களத்தில் கேட்டான். வீட்டுக் கதவில்லை, கக்கூஸ் கதவு என்று அவளும் சிங்களத்தில், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள். சபையில் தீர்மானம் போட்டு எடுத்தது என்றும், தான் அந்தச் சபையின் அங்கத்தவர் என்றும் சொன்னாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இறக்கி நிமிர்த்தி வைக்கச் சொன்னான். இரண்டு பக்கமும் பார்க்கவேண்டுமாம்.

இறக்கி நிமிர்த்தினார்கள். தெருவின் நடுவில், பக்கத்தில் சுவரும் மேலே கூரையும் இல்லாமல், பச்சைக் கதவு தனியே நின்றது. வரிசையில் நின்றவர்கள் இரண்டு பக்கத்தாலும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்ரூடியோவில் படம்பிடிக்க நிற்பவளைப்போல மெற்றில்டா ஒரு கையால் கொண்டியைப் பிடித்து, கழுத்தை நிமிர்த்தி நின்றாள். ஆமிக்காரன் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விரல்முட்டியால் மெதுவாக, இரண்டு தரம் தட்டுவது கேட்டது.